அண்ணனின் வலது கண்

அடி வாங்கிக்கொண்டு நிற்பதை வீரம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எனக்குப் பிடித்த குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாரும் அடி படாமல் நழுவத் தெரிந்தவர்கள். எழுபதுகளில் அப்படி ஓர் உலக சாம்பியன் இருந்தார். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் பின்னால் சாய்த்துத் தப்பித்துவிடுவார். அவர் படங்களைப் பேப்பரிலிருந்து வெட்டி அண்ணன் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தான். பொன்மலையில் எங்கள் ரயில்வே குடியிருப்பிலும் அப்படி ஒருவர் உண்டு. ஆங்கிலோ இந்தியர், எஞ்சின் டிரைவர். நாற்பது வயதுவரை சண்டை போட்டும் மூக்கு நேராக இருந்தது. அந்த மூக்குக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். அண்ணன் மேடை ஏறும்போது துண்டும் தண்ணீருமாக மூலையில் நிற்பவர் அவர்தான்.

அண்ணன் அந்த ரகம் இல்லை. நேராகப் போய் முட்டுவான். ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. அப்பா போனபிறகு அவன் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் இருந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு போட்டியில் அவனுக்கு வலது கண்ணில் பலமான குத்து விழுந்தது. வீக்கம் வற்றி, வெளியே பார்க்கக் கண் பழையபடிதான் இருந்தது. ஒரு மாதம் கழித்து அவனுக்கு வலப்பக்கமாகக் காபியை நீட்டினேன். டம்ளர் இருப்பதே தெரியாமல் கையை வீசித் தட்டிவிட்டான்.

"அந்தப் பக்கம் திரை போட்ட மாதிரி இருக்கு பாப்பா," என்றான் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லிடாத."

யாரிடமும் சொல்லக் கூடாததற்குக் காரணம் இருந்தது. அவனுக்கு எஞ்சினில் ஏற வேண்டும். அந்த வருஷ ரயில்வே கோப்பையை ஜெயிப்பவனுக்கு, எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலைக்குச் சிபாரிசு கிடைக்கும் என்று பேச்சு. கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் அத்தோடு எல்லாம் போச்சு.

இறுதிப் போட்டிக்கு வந்தவன் பெரம்பூர்க்காரன், இடது கைக்காரன். அதைக் கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இடது கைக்காரனின் பலமான குத்து அண்ணனுக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். தெரியாத பக்கத்திலிருந்து. அதனால் தினமும் சாயங்காலம் நான் அவனுக்கு வலப்பக்கம் நின்று தலையணையை வீசுவேன். அவன் வலது கையைக் கன்னத்தோடு ஒட்டவைத்துத் தடுத்துப் பழகினான். "கட்டிக் குடுக்குற வயசுல என்னடி விளையாட்டு இது?" என்று அம்மா திட்டுவாள். பத்தில் ஆறு தடவை தலையணை அவன் முகத்தில்தான் விழுந்தது.

போட்டியன்று நான் முதல் வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வலது கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவே இல்லை. "என்னப்பா, பல்லு வலியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, அரங்கமே சிரித்தது. இரண்டாவது ரவுண்டில் பெரம்பூர்க்காரனின் இடது கை அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே போனது. அண்ணன் தடுமாறி, ஆள் இல்லாத பக்கம் திரும்பி வெறுங்காற்றைக் குத்தினான். ஜனங்கள் அதற்கும் சிரித்தார்கள்.

டிரைவர் தோளில் துண்டோடு பத்தடி தூரத்தில் நின்றார். நான் எழுந்துபோய், "அவனுக்கு அந்தக் கண்ணு தெரியாதுங்க" என்று சொன்னால் போதும். துண்டை எறிந்து சண்டையை நிறுத்திவிடுவார். ஆனால் எனக்குக் கால் வரவில்லை. சொன்னால் அவன் வேலைக் கனவு போய்விடும், சொல்லாவிட்டால் கண் போய்விடும். பெஞ்சுப் பலகையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். அந்தப் பயத்தைப்போல் ஒன்றை நான் அதற்குப் பிறகு பட்டதில்லை. என் பிரசவத்தின்போதுகூட.

மூன்றாவது ரவுண்டில் அண்ணன் அவனை ஒட்டிக்கொண்டு விலாவிலேயே குத்தினான். புள்ளிக் கணக்கில் ஜெயித்தும்விட்டான். எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியபோது நான் அரங்கத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

சிபாரிசும் வந்தது, மெடிக்கலுக்குத் தேதியும் வந்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. கண் பரிசோதனைப் பலகையில் இருக்கும் எழுத்துகளை யாரோ ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார்கள். மெடிக்கலுக்குப் போகிறவர்களின் வீடுகளுக்கு அது கைமாறிக் கைமாறி வரும். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம்தான். அதற்குள் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அண்ணன் அந்த வேலையை என்னிடம் விட்டான்.

"இது முடிஞ்சா அடுத்த மாசம் மெட்ராஸ்ல போட்டி," என்றான். மறுபடியும் அந்தக் கண்ணோடு.

அண்ணனுக்கு எழுதிய பிரதியில் மட்டும் கடைசி இரண்டு வரிகளிலும் எழுத்துகளை வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். அதை அவன் நாலு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தான். நானே கேள்வி கேட்டு ஒப்பிக்கவும் வைத்தேன்.

மெடிக்கலில் இடது கண்ணை மூடச் சொல்லி, வலது கண்ணைத்தான் முதலில் சோதித்திருக்கிறார்கள். கடகடவென்று ஒப்பித்திருக்கிறான். பிறகு இடது கண்ணைத் திறந்தபோதுதான் பலகையில் இருப்பது வேறு என்று தெரிந்திருக்கிறது. டாக்டர் சந்தேகப்பட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்தாராம். சவ்வு கிழிந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டால் வெளிச்சம்கூட மிஞ்சாது என்று சொல்லிவிட்டார். எஞ்சினும் இல்லை, குத்துச்சண்டையும் இல்லை. பழையபடி பட்டறைதான்.

"சீட்டுலயே தப்பு இருக்கு," என்றான் வீட்டுக்கு வந்ததும். "அடுத்த வீட்டுல சொல்லிடு, பாவம்."

நான் போகவில்லை. அதற்குப் பிறகு வாசலில் யார் குரல் கேட்டாலும் எனக்குத் திக்கென்றது. ஐந்தாம் நாள் அடுத்த வீட்டுக்காரர் லட்டோடு வந்தார்.

"உங்க வீட்டுலேர்ந்து வந்த சீட்டுதான் தம்பி," என்றார் அண்ணனிடம். "ஒரு எழுத்து மாறல. பாஸ் பண்ணிட்டேன்."

அவர் போன பிறகு அண்ணன் லட்டை அப்படியே தட்டில் வைத்தான். அடித்துவிடுவானோ என்றுகூடப் பயந்தேன். அதுவரை அவன் என்னைத் திட்டியதுகூட இல்லை.

"உனக்கு அவ்வளவு பயமா இருந்துச்சா?" என்றான்.

"ஆமாண்ணே."

லட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"எனக்கும்தான். ஒவ்வொரு ரவுண்டு முடியறப்பவும் உன்னையேதான் பாத்தேன். நீ எந்திரிச்சுப் போய் டிரைவர்கிட்ட சொல்லிட மாட்டியான்னு."