கவிழ்த்து வைத்த இரண்டாவது சீட்டு

இது நடந்தது. நான் தையல் மெஷின் பழுதுபார்க்கிறவள். ஒரு சத்தம் கேட்டால், அது எந்தப் பல்சக்கரத்திலிருந்து வருகிறது என்று திறந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இதையும் திறந்து திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே காரணம் எதுவும் அகப்படவில்லை.

என் பெயர் மெரின். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில், சிக்னெட் ஊருக்கு மேலே மேட்டில் ஒரு மரவீட்டில் தனியாக இருக்கிறேன். மணமுறிவுக்குப் பிறகு தலைநகர் ஹோபார்ட்டை விட்டு இங்கே வந்து அது இரண்டாவது குளிர்காலம். வந்த நாளிலிருந்து ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஹோபார்ட் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்கள், என் இடப்பக்க இருக்கை காலியாகவே கிடக்கும். பேக்கரியில் சிப்பிக்கறி அடைத்த பேஸ்ட்ரியைக் கையில் ஏந்தி இடம் தேடுகிறவர்கள் என் பெஞ்சைப் பார்ப்பார்கள், மரியாதையாகத் தலையசைப்பார்கள், வெளியே போய்ச் சாரலில் நின்று தின்பார்கள். என் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

இன்னொன்று, சின்ன விஷயம். என் இடது காது எப்போதும் சில்லென்று இருக்கும். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்று ரப்பர் பட்டை ஒட்டினேன். குறையவில்லை. கடைசியில் காதை மூடுகிற கம்பளித் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டை விற்றுவிட்டுப் பெர்த்தில் தங்கையின் பின்னறைக்கே போய்விடலாம் என்று முடிவெடுக்க இருந்தபோதுதான், தபால் நிலையத்தில் டெல்வின் என்ற பெண் பேச்சுக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை மாலையில் ஊர் மண்டபத்தில் சில பெண்கள் கூடுவார்களாம். குறி பார்க்கிற படச்சீட்டான டாரட்டில் ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அந்தப் படம் மனதில் எதைக் கிளறுகிறதோ அதை நாட்குறிப்பில் எழுதுவார்களாம். ஜோசியம் இல்லை, நம்மை நாமே பார்த்துக்கொள்வது என்றாள். என்னையும் வரச் சொன்னாள். ஒரு நிபந்தனை.

"சீட்டுக்கு அர்த்தம் சொல்ற புத்தகம் ஒண்ணு உனக்குன்னு எடுத்துட்டு வா. அடுத்தவங்க புத்தகம் அடுத்தவங்க செருப்பு மாதிரி. நடக்கலாம், ஆனா கடிக்கும்."

இது ஒன்று மட்டும் பார்த்துவிடுவோம், இங்கேயும் தனியாகத்தான் உட்கார வேண்டுமென்றால் பெர்த்துக்குப் பெட்டி கட்டிவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

புத்தகம் தேர்ந்தெடுக்க டெல்வின் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. டாரட் கட்டில் எழுபத்தெட்டு சீட்டு. எல்லாவற்றையும் படித்துப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அதனால் ஒரே ஒரு சீட்டை உருவ வேண்டும். கடையிலுள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தச் சீட்டுக்கான பக்கத்தை மட்டும் படிக்க வேண்டும். துணிக்கடையில் ஒரு முனையைக் கசக்கிப் பார்த்து முழுத் துணியையும் எடை போடுகிறோமே, அப்படி. எந்தப் புத்தகம் பதில் சொல்கிறதோ அதை வைத்துவிடு, எந்தப் புத்தகம் உன்னைக் கேள்வி கேட்கிறதோ அதை எடு என்றாள். கூடவே ஒரு விதியும் சொன்னாள். அடுத்தவர் சீட்டு கவிழ்ந்து கிடந்தால் அதை நிமிர்த்தக் கூடாது. எடுத்தவர்தான் நிமிர்த்த வேண்டும்.

நொலாவின் பழைய புத்தகக் கடைக்கு ஜூலையில், இங்கே நடுக்குளிர்காலம், ஒரு சனிக்கிழமை போனேன். நாலரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நொலா ஓயாமல் பேசுகிறவள். டாரட் புத்தகம் என்றதும், "வாடி கண்ணு, குளிர் வந்தாத்தான் எல்லாருக்கும் தன்னைத் தேடுற ஆசை வருது. வெயில் வந்தா மீன் பிடிக்கப் போயிடுறாங்க" என்று சிரித்துக்கொண்டே பின்னறைக்கு அழைத்துப் போனாள். விறகு அடுப்பு, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி.

கடைக்கென்று வைத்திருந்த தேய்ந்த சீட்டுக்கட்டை விசிறிபோல் விரித்து நீட்டினாள். ஒன்றை உருவினேன்.

அவள் கட்டை மூடவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு யாருக்கோ தலையசைத்துவிட்டு மூடினாள்.

வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன்.

எனக்கு வந்தது 'ஆறு வாள்கள்'. ஒரு படகு. அதில் குத்திட்டு நிற்கும் ஆறு வாள். போர்வைக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் நின்று படகைத் தள்ளும் ஓர் ஆள். நொலா மூன்று புத்தகங்களையும் இரண்டு கோப்பைத் தேநீரையும் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று அவளுக்குப் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் வாசல் மணி அடிக்க, எடுக்காமல் முன்னறைக்குப் போய்விட்டாள்.

முதல் புத்தகம், நீர்வழிப் பயணம் வரும் என்றது. மூடினேன். இரண்டாவது, வாள் ஏன் அறிவைக் குறிக்கிறது, எண் ஆறு ஏன் வந்தது என்று கழற்றிக் கழற்றிக் காட்டியது. என் போன்ற ஆளுக்கு விருந்து. ஆனால் அதில் நான் எங்கும் இல்லை. மூன்றாவதில் பாதிப் பக்கம் வெறுமை. மேலே ஒரே கேள்வி.

'இந்தப் படகில் உங்களுடன் வருவது யார்?'

இதுதான் என் புத்தகம் என்று தெரிந்துவிட்டது. மேஜையில் நூல் கட்டிய பென்சிலும் துண்டுக் காகிதமும் இருந்தன. எழுதிப் பார்த்தேன். 'யாரும் இல்லை.'

தேநீரை எடுக்கக் கை நீட்டியபோதுதான் கவனித்தேன். இரண்டாவது கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு. கவிழ்ந்து கிடந்தது.

நொலா தனக்கு எடுத்தது என்று நினைத்தேன். விதி நினைவு வந்தது. தொடவில்லை.

என் கோப்பையில் ஆவி பறந்தது. அந்தக் கோப்பையில் இல்லை. விரல் வைத்துப் பார்த்தேன். பனிக்கட்டி. ஒரே கெட்டில், ஒரே அளவுக் கோப்பை, ஒரே அடுப்பின் பக்கம். ஒன்று சுடுகிறது, ஒன்று உறைகிறது. அப்படி நடக்கவே முடியாது...

சரக்... சரக்...

காகிதத்தில் விரல் தேய்க்கிற சத்தம்.

குனிந்து பார்த்தேன். நான் எழுதியது அழிந்திருந்தது. பென்சிலின் முனையில் ரப்பர் இல்லை. எழுத்தின் மேல் ஈரமான ஒரு கட்டைவிரல் இழுபட்ட தடம்...

என் விரல் உலர்ந்திருந்தது.

கூரை ஒழுகுகிறதா? அண்ணாந்து பார்த்தேன். இல்லை.

புத்தகத்தை அள்ளிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். நொலா காசை வாங்கிப் போட்டுவிட்டு, என் தோளுக்கு மேலே பார்த்து, "பார்த்துப் போங்க, பாதை வழுக்கும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போகாமலே இருந்திருப்பேன். ஆனால் மூன்று நாளாக வீட்டில் கெட்டில் சத்தத்தைத் தவிர வேறு குரல் இல்லை. பயத்தைவிட அது கொடியது. போனேன்.

வட்ட மேஜை. டெல்வினையும் சேர்த்து ஐந்து பெண்கள். நான் உட்கார்ந்தேன். என் இடப்பக்கம் ஒரு நாற்காலி காலி. இன்னும் ஒருத்தி வரவேண்டும் என்றார்கள். வட்ட மேஜையில் அவள் என் பக்கத்தில்தானே உட்கார்ந்தாக வேண்டும்? அற்ப விஷயம்தான். எனக்கு அது பெரிதாக இருந்தது.

ஜோசி வந்தாள். மழைக்கோட்டை உதறினாள். காலி நாற்காலியைக் கடந்து போனாள். சுவரோரம் அடுக்கியிருந்ததில் ஒன்றை உருவி வந்து, எதிரே இருவருக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.



டெல்வின் கட்டை விரித்து ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தாள். நான் எடுத்தேன். அடுத்து அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் நீட்டினாள். காத்திருந்தாள். நகர்ந்தாள்.

அங்கே ஒரு சீட்டு கவிழ்ந்து கிடந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஜோசி, இங்க காலியாத்தானே இருக்கு. இந்த ஊர்ல ஏன் யாருமே என் பக்கத்துல உட்கார மாட்டேங்கிறீங்க?"

ஜோசி சிரித்தாள். "உன் தோழி மடியிலயா உட்காரச் சொல்றே?"

நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"யாரு?" என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெல்வின்தான் சொன்னாள். என் தங்கை என்று நினைத்திருந்தார்களாம். பேருந்தில், பேக்கரியில், தபால் நிலையத்தில், எங்கே போனாலும் என் இடப்பக்கம் இருப்பாளாம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. எப்போதும் நனைந்த தலை. நான் அவளை யாருக்கும் அறிமுகப்படுத்தியதே இல்லை. எங்களுக்குள் ஏதோ சண்டை, நடுவில் போய் உட்கார வேண்டாம் என்று ஊரே ஒதுங்கியிருந்ததாம்.

"சண்டைன்னு ஏன் நினைச்சீங்க?"

டெல்வின் தயங்கினாள்.

"அவங்க உன்கிட்ட ஓயாம பேசிட்டே இருப்பாங்க மெரின். காதோட வாயை வெச்சு. ரெண்டு வருஷமா. நீ ஒரு தடவைகூடத் திரும்பினதில்லை."

தகரக் கூரையில் மழை... ஜோசி பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள். எல்லோர் கண்ணும் என் இடப்பக்கம்.

"இப்போ?"

"இப்பவும் பேசறாங்க."

"என்ன... என்ன சொல்றாங்க?"

"தெரியலை. எங்களுக்குக் கேக்கலை. உன்கிட்டத்தான் சொல்றாங்க."

நான் கம்பளித் தொப்பியைக் கழற்றினேன்.