ஏழாவது காய்

நோயாளிகள், கர்ப்பிணிகள், எட்டு வயது நிரம்பாதவர்கள், எண்பதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு உபவாசம் கிடையாது. விரதத்தை ஏற்றுக்கொண்டவர் உடல்நிலை காரணமாக அதை நடத்த முடியாமல் போனால், அவருக்குப் பதிலாகக் கணவனோ மனைவியோ மகனோ இருக்கலாம். பலன் ஏற்றவருக்கே சேரும். மருந்தாக உட்கொள்வது உணவாகாது. விரதங்களைப் பற்றிய பழைய நூல்கள் பலவற்றில் சற்று முன்பின்னாக இந்த விதி இருக்கிறது. விலக்கு, பதிலாள், விளக்கம் மூன்றும் உள்ள ஒழுங்கான விதி. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், அரசாணைகளில் பாதி இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

ஆனால் இதை விரதம் இருக்கிறவர்கள் யாரும் படிப்பதில்லை. அவர்களுக்கு வேறு விதிகள் உண்டு. எங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமை விரதக்காரர் ஒருவர் இருந்தார். விரதம் என்றால் அவருக்குச் சோறு கிடையாது, அவ்வளவே. காலை பதினொரு மணிக்கு ஆறு இட்லி. இரண்டு மணிக்கு அடை. நான்கு மணிக்கு உப்புமா. மற்ற நாட்களில் ஒரு டப்பா தயிர்சாதத்தோடு எழுந்துவிடுகிற மனிதர். "இன்னிக்கு ஒருபொழுது சார்" என்று ஏப்பத்துக்கு நடுவில் சொல்வார். அரிசியை ஊறவைத்து அரைத்துவிட்டால் அது அரிசி இல்லை என்று உத்தரவு போட்டது யார் என்று ஒரு தடவை கேட்டேன். "அது அப்புடித்தான் சார்" என்றார். இந்த மாவட்டத்தின் பக்தி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறது.

புரட்டாசி முழுக்க மீன் மார்க்கெட் பக்கம் தலைவைக்காதவர்களை ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். பொழுது விடிவதற்குள் தூக்குச்சட்டியோடு பிரியாணிக் கடை வாசலில் நிற்கிறார்கள். கடைக்கார பாய்க்குத் தமிழ் மாதப் பிறப்பு எங்கள் தெருவில் உள்ள எல்லாக் காலண்டர்களையும்விடத் துல்லியமாகத் தெரியும். அண்டா எண்ணிக்கையை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

என் மனைவி இந்த ரகம் இல்லை. சிக்கலே அதுதான். அவள் விரதம் என்றால் விரதம். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் இரவு கையைக் கழுவினால், மறுநாள் சிதம்பரத்தில் தரிசனம் முடிந்து, வீட்டில் களியும் ஏழு காய்க் கூட்டும் படைத்த பிறகுதான் வாயில் ஏதாவது போகும். அவள் பிறந்த வீடு சிதம்பரம். இப்போது அவள் தம்பியும் தம்பி மனைவியும் இருக்கிறார்கள். கல்யாணமான வருடம் தொடங்கி, கடலூர் செம்மண்டலத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் அங்கேதான் நோன்பு. புருஷன் ஆயுளுக்காக. அந்தப் புருஷன் நான்.

எட்டு வருடமாக அவளுக்குச் சர்க்கரை. போன கார்த்திகையில் டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, "பட்டினி மட்டும் கிடக்காதீங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் நூலை எடுத்து வைத்துக்கொண்டு விதியைப் படித்துக் காட்டினேன்.

"நீங்க இன்னா சாமி கும்புடுறீங்களா, எனக்கு சாஸ்திரம் சொல்ல?"

"டாக்டரும் அதைத்தானே சொல்றார்?"

"அவுரு வேற சாமி கும்புடுறவரு. திருவாதிரையப் பத்தி அவுருக்கு இன்னா தெரியும்?"

"அப்ப யார் சொன்னா கேப்ப?"

அவள் யோசித்து ஒரு மடத்தைச் சொன்னாள். மாதப் பத்திரிகையில் பக்தர்களின் சந்தேகங்களுக்குப் பதில் போடுகிற மடம். "அவுங்க எழுதித் தரட்டும். அப்ப சாப்புடுறேன்."

எழுதிக் கேட்பது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அன்று மாலையே மூன்று கேள்விகளை எண்ணிட்டு எழுதினேன். ஒன்று, நீரிழிவு உள்ளவர் நோன்பு இருக்க வேண்டுமா. இரண்டு, மருந்தாக உண்டால் நோன்பு முறியுமா. மூன்று, கணவன் பதிலுக்கு இருக்கலாமா. சுயவிலாசமிட்ட உறை, தபால் தலை, ஒப்புகை அட்டை எல்லாம் இணைத்தேன். அட்டை ஒரு வாரத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. பதினைந்து நாள் கழித்து நினைவூட்டு ஒன்று. பிறகு நினைவூட்டு இரண்டு. தொலைபேசியில் கேட்டால், "பார்வைக்கு வச்சிருக்கு" என்றார்கள். அந்தச் சொல்லை நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

திருவாதிரை வந்துவிட்டது.

முதல் நாள் சாயங்காலமே சிதம்பரம் போய்விட்டோம். தினமும் காலை ஏழு மணிக்கு அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. கிழமைவாரியாக அறை பிரித்த பெட்டி வைத்திருக்கிறேன். ஒரு நாள் தவறியதில்லை. அன்றும் கொடுத்தேன்.

"மாத்திர சாப்பாட்டுல சேராதுல்ல?" என்று கேட்டாள்.

"சேராது. மருந்து உணவாகாது" என்று விதியைச் சொன்னேன். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள். தண்ணீருக்காக ஏதோ முணுமுணுத்து மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் இல்லை.

கோயிலில் இருந்த கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கால் வைக்க இடமில்லாத இடத்தில் ஆயிரம் பேர் பக்கத்தில் இருப்பவரின் காலை மிதித்துக்கொண்டு நல்ல கதி கேட்டார்கள். தரிசனம் முடிந்து வீடு வந்து சேர இரண்டரை மணி. மனைவி சமையலறை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். களி தயார், கூட்டு தயார், இலை போட்டாகிவிட்டது. அப்போதுதான் தம்பி மனைவி கூட்டில் உள்ள காய்களை விரல்விட்டு எண்ணினாள்.

"வாழக்கா, அவரக்கா, மொச்ச, பரங்கிக்கா, சேன, சக்கரவள்ளி..." கை நின்றது. "ஆறுதாங்க இருக்குது!"

"உருளக்கெழங்கு போட்டியே?" என்றான் மச்சான்.

"அது இங்கிலீஷ் காயி. நோம்புக்குச் சேராது."

"வெந்து கெடக்குது, சேராதுன்னா? எண்ணிக்க, ஏழு வந்துரும்."

"நீங்க சும்மா இருங்க. காயி வாங்கச் சொன்னா ஒழுங்கா வாங்கத் துப்பு இல்ல. பூசணிக்கா எங்க? சொல்லி அனுப்புனேன்ல?"

நான் குறுக்கிட்டேன். உருளைக்கிழங்கு அந்நியம் என்றால் அந்தக் கூட்டில் கிடக்கும் காய்ந்த மிளகாயும் கப்பலேறி வந்ததுதான், சர்க்கரைவள்ளியும் அப்படியே. பரங்கிக்காயோ தன் ஊரைப் பெயரிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றேன்.

"அண்ணே, அதெல்லாம் ஆபீசுல பேசுங்க" என்றாள் அவள். "ஆறு காயோட படச்சா அண்ணிக்குத்தான் தோஷம்."

அண்ணி என்றது என் மனைவியை. அவளும் சுவரோரத்திலிருந்து, "வாங்கிட்டு வந்துரட்டும். ஏழுன்னா ஏழுதான்" என்றாள். மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு பூசணிக்காய் தேடிப் போனான். தெருவெல்லாம் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். இருக்கிற நாலு கடையிலும் பூசணிக்காய் காலி. ஊரே அன்று ஏழு எண்ணிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். "தாகமா இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டேன். "பஸ் வந்துருச்சா?" என்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. மார்கழி மாதம், மின்விசிறிகூடப் போடவில்லை. கையைப் பிடித்தேன், நடுங்கியது, சில்லென்று இருந்தது. "எந்த பஸ்?" என்றேன். பதிலுக்கு என்னைப் பார்த்தாள். யாரோ ஒரு கண்டக்டரைப் பார்ப்பது போல.

அப்போதுதான் காலை ஏழு மணி ஞாபகம் வந்தது. அந்த மாத்திரை, ஆகாரத்துக்கு அரை மணி முன்பு போட வேண்டியது. ஆகாரம் வரும் என்ற நம்பிக்கையில் சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. ஆகாரமே இல்லாத நாளில், நேரம் தவறாமல், விதியையும் சொல்லி நான்தான் கொடுத்திருந்தேன்.

சமையலறைக்குள் போய் வெண்கலப் பானையின் மேல் மூடியிருந்த வாழையிலையைத் தள்ளிவிட்டு, ஒரு கரண்டி களியை அள்ளினேன்.

"அண்ணே! இன்னும் படைக்கல!"

"தெரியும்."

"அய்யய்யோ, பூரா எச்சிலாப் போச்சே!"

மனைவிக்குக் கண் திறந்திருந்தது, விழுங்கத் தெரிந்தது. வெல்லம் தூக்கலான களி. கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். நாலாவது வாய்க்கு, "இனிப்பு ஜாஸ்தி" என்றாள். தெளிந்துவிட்டாள் என்று புரிந்தது. ஐந்தாவது வாய்க்கு, தான் என்ன சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கும் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் அரைப் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி உள்ளே வந்தான். "இன்னா மாமா, அக்காவுக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டான். அவன் மனைவி பூசணிக்காயை வாங்கி நறுக்கத் தொடங்கினாள். புதிதாக ஒரு பிடி களி கிண்டிப் படைக்கும்போது மணி ஐந்து. கூட்டில் பூசணிக்காய் எங்கே என்று நான் தேடினேன். கரைந்துபோயிருந்தது.

மறுநாள் கடலூர் டாக்டர், கேள்வியை என்னிடம் கேட்டார். "மாத்திரையைக் கொடுத்துட்டுச் சாப்பாட்டைக் கொடுக்கலன்னா எப்படி சார்? படிச்சவர்தானே நீங்க?" எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியிருக்கிறேன். இது எனக்கு வந்த முதல் குறிப்பாணை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் மனைவிக்கு, தான் மயங்கியது ஒரு விஷயமே இல்லை. நோன்பு முறிந்ததுதான் விஷயம்.

"எனக்கு ஒன்னும் வராது. ஒங்களுக்குத்தான் வரும்" என்றாள். அதற்குப் பரிகாரமும் அவளே விதித்துக்கொண்டாள். அடுத்த திருவாதிரை வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டினி. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு திங்கட்கிழமை. என் ஆயுளைக் கூட்டுவதற்காக அவள் ஐம்பத்திரண்டு தடவை மயங்கி விழத் தயாராக இருந்தாள்.

"அந்தத் திங்கட்கிழமை எல்லாம் நான் இருக்கேன். உனக்குப் பதிலா" என்றேன்.

சிரித்துவிட்டாள். திருவாதிரைக்குப் பிறகு முதல் சிரிப்பு. "நீங்களா? காலைல காப்பி ஒரு நிமிஷம் லேட்டானா பேப்பர்காரன், பால்காரன் ஒருத்தன வுடாம திட்டுவீங்க."

"விதி இருக்குது. மூணாவது கேள்வி."

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "மடத்துலேர்ந்து பதில் வர்ற வரைக்கும் நீங்க இருங்க. கூடாதுன்னு எழுதிட்டாங்கன்னா, அப்புறம் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. நான்தான் இருப்பேன்."

இப்படித்தான், பக்திமான்களை ஆயுள் முழுக்க ஏளனம் செய்த நான் திங்கட்கிழமை விரதக்காரன் ஆனேன். இட்லி இல்லை, அடை இல்லை, தண்ணீர்கூட மாலை விளக்கு வைத்த பிறகுதான். பசித்தால் புத்தி தெளியும் என்கிறார்கள். பச்சைப் பொய். பசித்தால் பசிக்கிறது. எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிட வேண்டும் என்பது என் நிபந்தனை. தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ திருடியதைப் போல அவசரமாகச் சாப்பிடுவாள். காலி தட்டைப் பார்த்த பிறகே நான் எழுந்திருப்பேன். தை, மாசி போயின. நினைவூட்டு மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது, வராத வரை நல்லது என்றும், வந்து தொலையட்டும் என்றும் ஒரே சமயத்தில் தோன்றும்.

வந்தது. நான் அனுப்பிய அதே உறை. உள்ளே குங்குமப் பொட்டலம், மூன்று வரி. ஒன்று, இருக்க வேண்டியதில்லை. இரண்டு, முறியாது. மூன்று, கணவன் இருக்கலாம், பலன் அவளுக்கே. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு கடிதத்தின் தலைப்பில் விரலை வைத்து என்னிடம் காட்டினாள். அதில் இருந்த தேதி மார்கழியில், திருவாதிரைக்கு நான்கு நாள் முன்பு. எழுதிக் கையெழுத்திட்டு, அனுப்ப வேண்டிய தபால்களுக்கான தட்டில் வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். அந்தத் தட்டு எந்த மேசையில், எந்த மூலையில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் என் மேசையிலும் இருந்தது.

"முடிச்சிக்கலாமா? காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள்.

"நீ மத்தியானம் சாப்பிட்டியா?"

"இல்ல."

"முதல்ல சாப்பிடு. காப்பியை விளக்கு வச்சப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பங்குனி இருபத்தொன்றாம் தேதி, பகல் பன்னிரண்டு மணி, திங்கட்கிழமை.