முதல் பேச்சு பர்மாக்காரிக்கு

இப்போது படித்துவிட்டு வருகிற பிள்ளைகள், ஒரு குடும்பத்தையே எதிரில் உட்காரவைத்துப் பேசுவதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்கிறார்கள். சொல்லட்டும், நல்லதுதான். நாங்கள் பெயரே இல்லாமல் கோரைப்பாயில் உட்கார்ந்து செய்தோம். தற்பெருமை என்றால் தற்பெருமைதான், எனக்கென்ன!

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கட்டின துணியோடு கப்பலேறி வந்தார்கள். சேலம் பக்கமும் சில குடும்பங்கள் வந்தன. நான் அப்போது மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயோ என்னவோ, அந்தக் குடும்பங்களைப் போய்ப் பார்த்துவரும் வேலையைப் பங்குச் சாமியார் என் தலையில் கட்டிவிட்டார். பால்பவுடர் கொடுப்பது சும்மா பேருக்கு. போன வீட்டிலெல்லாம் ஒரு சண்டை எனக்காகக் காத்திருக்கும்.

ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்காரர் வீடு. அவருடைய தம்பி சின்ன வயதில் ரங்கூனுக்குப் போனவர். அங்கேயே பிறந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டி, இப்போது அவளோடும் ஒரு பெண் குழந்தையோடும் அண்ணன் வீட்டில் வந்து இறங்கியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு இந்த மண்ணில் வேறு நாதியில்லை. ஊரில் அவளுக்குப் பர்மாக்காரி என்றே பெயர்.

அன்றைக்கு நான் போனபோது அண்ணன் பெண்டாட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, இவ எங்க ஊட்டுக்குச் செய்வினை வெச்சுட்டாளுங்க!" தறி ஓடுகிற அறைக்கு வெளியே, சுவரோரம் மண்ணுக்குள் ஒரு பானை கிடைத்ததாம். வாய் துணியால் கட்டியிருக்க, உள்ளே உப்பும் மிளகாயும் போட்டு இடித்த மீன். நாற்றம் வாசல்வரைக்கும் வந்தது. அந்த வாரம் முழுக்கத் தறியில் பாவு இழை அறுந்துகொண்டே இருந்ததாம். போதாதா? பூசாரி வந்து பார்த்துச் சொல்லிவிட்டார்: அமாவாசைக்குள் அவள் வீட்டை விட்டுப் போக வேண்டும், குழந்தை இந்த வீட்டு ரத்தம், அது இங்கேயே இருக்க வேண்டும்.

அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"அவ புருசன்கிட்டக் கேட்டாச்சுங்க, அவன் வாயே தொறக்கல" என்றார் அண்ணன். எப்படித் திறப்பார்? அண்ணன் போடும் சோற்றைத் தின்கிற வாய் அது. வந்த குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதைத்தான் பார்த்தேன். யார் கூரைக்குக் கீழே இருக்கிறார்களோ அவர்கள் முன்னால் நியாயம்கூட ஊமையாகிவிடும்.

அண்ணன் எனக்கு நாற்காலி போட்டார். அந்தப் பக்கத்தில் பஞ்சாயத்து என்றால் ஆண்கள் உட்காருவார்கள், பெண்கள் கதவோரம் நின்று கேட்பார்கள். நான் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரித்தேன். "எல்லாரும் இதுலயே உக்காருங்க. யாரைப் பத்திப் பேச்சோ, மொதல்ல அவங்க பேசட்டும். அதுக்கப்புறம் யாரு என்ன சொல்றதா இருந்தாலும் அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க." இவ்வளவுதான் என் வித்தை.

"ஏனுங்க, பொம்பளைங்க எங்ககூடச் சரிக்குச் சரியாவா? நீங்க மாதா கோயில் வேதக்காரங்க, உங்களுக்குச் செய்வினையப் பத்தி என்னங்க தெரியும்?" என்றார் அண்ணன்.

"எங்க சாமியாரே பேயி பிசாசுன்னு பேசுறவருங்க. நான் அவரையே விடறதில்ல. உக்காருங்க." முனகிக்கொண்டே உட்கார்ந்தார். தம்பியும் அண்ணன் பெண்டாட்டியும் வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் இரண்டு தடவை வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டி அடக்கினேன்.

கடைசியில் சொன்னாள். "பர்மாவுல எல்லா வீட்டுலயும் மீனை இப்படித்தான் ஊறவைப்போம். எங்கம்மா மண்ணுலதான் புதைப்பாங்க. நல்லா ஊற மாசக்கணக்காகும். அதனால ரெண்டு நாள் தங்கிட்டுப் போற இடத்துல யாரும் புதைக்க மாட்டாங்க. இருக்கப்போற வீட்டுலதான் புதைப்பாங்க. தறிச் சுவரோரம் குளிர்ச்சியா இருந்துச்சு, அங்க வெச்சேன்." மூச்சு விட்டாள். "ரங்கூன்ல ஒரு பானை மண்ணுக்குள்ளயே கெடக்கு. கெளம்புறப்ப எடுக்க விடல."

அண்ணன் பெண்டாட்டிக்கு முகம் என்னவோ போல ஆனது. "அடிப் பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலீங்க அக்கா."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அதெல்லாஞ் சரிங்க. பூசாரி சொன்னது சொன்னதுதானுங்க." சொன்னது என்னைப் பார்த்து.

"அவளப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

அப்போது அவளே தலையை நிமிர்த்தினாள். "போகச் சொன்னா போறேன். பிள்ளைய விட்டுட்டுப் போன்னு ஒருத்தராவது என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க." புருஷனைப் பார்த்தாள். பிறகு அண்ணனை. அவர் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என் ஆயுசில் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

அண்ணன் பெண்டாட்டி எழுந்தார். பாயைச் சுற்றி நடந்துவந்து, அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார்.

"சொல்லுங்க பார்க்கலாம்" என்றார் தன் புருஷனிடம். "எங்க ரெண்டு பேரு மூஞ்சியவும் பாத்துச் சொல்லுங்க."