வெள்ளைப் பட்டு வாங்கப் போன அன்று

இங்கே வந்த புதிதில் என்னைத் திணறடித்தது ஒரே ஒரு சொல்தான்: 'கிராண்ட்'. பால் வாங்கிவிட்டுப் பை வேண்டாம் என்றால், கிராண்ட். பேருந்தில் தெரியாமல் யாரையாவது இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால், 'யூ ஆர் கிராண்ட்'. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு கிராண்ட் என்றால் அகலக் கரை, உடம்பெல்லாம் புட்டா, முந்தி முழுக்க ஜரிகை என்று தூக்கினாலே கை வலிக்கிற கல்யாணப் புடவைதான். "கிராண்டா ஒண்ணு எடுத்துப் போடுங்க" என்று எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்கள்! மழையில் ஊறிய ஷூவும் சாயம் போன ஸ்வெட்டருமாக நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரு கடைக்காரப் பெண் அப்படிச் சொன்னபோது, கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். 'பரவாயில்லை' என்பதற்குத்தான் அயர்லாந்தில் அந்தச் சொல் என்று புரிய ஒரு மாதம் பிடித்தது.

நான் நர்ஸ். இரண்டாயிரத்துக்குப் பிறகு நம் பக்கத்து நர்ஸ்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தபோது நானும் வந்தேன். மேற்குக் கரையோரமாக ஒரு சின்ன நகரம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள், எங்கே எதை வாங்குவது என்று கேட்க. அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். இங்கே வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காதீர்கள். பாகிஸ்தான்காரர் கடையில் நான் பழக்க தோஷத்தில் ஒடித்துக்கொண்டே போக, அவர் பின்னாலேயே வந்து, "சிஸ்டர், ஒடிச்சதெல்லாம் உங்களுடையது" என்று இந்தியில் சொல்லி மொத்தத்தையும் பையில் போட்டுக் கொடுத்தார். கறிவேப்பிலை வியாழக்கிழமை மத்தியானம்தான் வரும், வெள்ளிக்கிழமை போனால் காம்புதான் கிடைக்கும். சாயங்காலம் கடை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போனால் ரொட்டியிலும் கோழியிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலைக்குத் தருவார்கள். ஊருக்குப் பேசுகிற போன் கார்டில், நிமிடம் அதிகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை வாங்காதீர்கள். எடுத்தவுடனே பாதியை விழுங்கிவிடும். எதை வாங்கினாலும் ஒரே மூச்சில் பேசி முடியுங்கள். வைத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடி விழுங்கும்.

இந்த வழிகாட்டி வேலை எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சரளாவின் வீடு ஐயம்பேட்டையில் இருந்தது. கூடத்திலேயே தறி. அவளோடு சேர்ந்து வீட்டுப்பாடம் எழுதப் போய், பட்டு எது, பட்டு மாதிரி எது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. பிறகு நர்ஸிங் படித்தபோது ஹாஸ்டல் தோழிகளின் வீட்டுக் கல்யாணங்களுக்கும், வேலைக்குச் சேர்ந்த பின் டாக்டரம்மாக்களின் வீட்டு விசேஷங்களுக்கும் புடவை எடுக்கத் துணைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கும்பலில் யாரும் பிரித்துக் காட்ட மாட்டார்கள் என்பேன். கடைக்குள் மஞ்சள் விளக்கில் நிறத்தை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வரச் சொல்வேன். கடைக்காரர் வாங்கித் தருகிற கலர் குடித்தால் எழுந்து வர மனசு வராது, அதனால் குடிக்க வேண்டாம் என்பேன். புடவையின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். முந்தி ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்துவேன். பட்டு என்றால் முடி கருகுகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாக உதிரும். வேறு நூல் என்றால் உருகி மணி மாதிரி கெட்டியாகிவிடும். ஜரிகையை நகத்தால் சுரண்டினால் நல்லதில் உள்ளே சிவப்பு நூல் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியூர் என்று தெரியும்படி வாயைத் திறக்காதீர்கள் என்பேன்.

இத்தனை புடவை பார்த்துக் கொடுத்த எங்கள் வீட்டில் ஒரு பட்டுப் புடவை கிடையாது. தாத்தா காலம் வரைக்கும் பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பாதான் முதலில் படித்து பஸ் கண்டக்டர் ஆனார், ஓரிக்கையில் ஓட்டு வீடு கட்டினார். அம்மா கல்யாணத்தன்று கட்டியது நைலான் நூலில் வரும் நைலெக்ஸ். பட்டுக்குப் பேர் போன ஊரிலேயே இருந்துகொண்டு, அதை அடுத்தவர் பையில்தான் நாங்கள் தொட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

இங்கே தர்ம காரியங்களுக்குப் பணம் சேர்க்கப் பழைய துணிகளை விற்கிற கடைகள் உண்டு. ஒரு சனிக்கிழமை அங்கே கழுத்தில் சுற்றுகிற ஒரு துணியைப் பார்த்தேன். பட்டு என்று சீட்டில் எழுதியிருந்தது. கல்லாவில் இருந்த வயதான அம்மாவிடம் போய், ஓர் இழை எடுத்துக்கொள்ளலாமா, தீப்பெட்டி இருக்கிறதா என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். இழையைப் பற்றிச் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. தீப்பெட்டி மட்டும் விழுந்தது. "அதுக்கு நீ வெளியே போகணும், கண்ணு" என்று வாசலைக் காட்டினார். வெளிச்சத்தில் பார்ப்பதுதான் இந்த ஊரிலும் வழக்கம் போல என்று சந்தோஷமாக வெளியே வந்து நின்றேன். அவரும் பின்னாலேயே வந்து தன் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு லைட்டரை என்னிடம் நீட்டினார். நான் துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பற்ற வைத்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அது நிஜப் பட்டு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ஈரக் காற்றில் அந்நிய வீதியில் நின்றுகொண்டு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "விலை அதிகமா இருக்கா?" என்று அந்த அம்மா பதறிவிட்டார்.

அந்த வருஷம்தான் என் தங்கை ஜெபாவுக்குத் திருப்புட்குழியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணம் முடிவானது. என் கல்யாணப் பேச்சை நானே நிறுத்தி வைத்திருந்தேன், அது வேறு கதை. வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் என் பாஸ்போர்ட் ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடந்தது. போக முடியாது என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் முதல் பட்டு வாங்கப் போகிறார்கள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்த நான் அங்கே இல்லை. அதுவும் சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாட்டார்கள், கேட்டால்தான் மேல் தட்டிலிருந்து எடுப்பார்கள். வெள்ளையில் ஏமாற்றுவதும் சுலபம். பளிச்சென்று நீலம் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். நல்ல பட்டு பாலில் ஒரு சொட்டு டீ விட்ட மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஜெபாவிடம் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். "சரிக்கா, சரிக்கா" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைக்குப் போகிற நாளன்று நானே போனில் வருகிறேன் என்றேன்.

காலை டீ இடைவேளையில் ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் நின்று கூப்பிட்டேன். அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. அம்மா, ஜெபா, அவளுடைய மாமியார் மூவரும் ஒரு பெரிய கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாசலுக்கு எடுத்துக்கினு போய்ப் பார்த்தியாடி?"

"இப்பதான்கா பிரிச்சிக்கினு இருக்காங்க. நான் பார்த்துக்கறேன்கா."

"போனை அந்த அண்ணன்கிட்ட குடு."

கொடுத்தாள். "சொல்லுங்க மேடம்" என்றது தேன் போன்ற ஒரு குரல்.

"முந்தி ஓரத்துல ஒரு இழை எடுத்துக் கொளுத்திக் காட்டுங்கண்ணா. ஜரிகையையும் கொஞ்சம் சுரண்டிக் காட்டுங்க."

"அடேங்கப்பா, விவரமா கேக்கறீங்களே! எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"இந்த ஊருதாண்ணா. ஓரிக்கை."

"அது சரி. இப்ப எங்கேர்ந்து பேசறீங்க? குரல் ரெண்டு தரம் கேக்குதே."

மெட்ராஸ் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பேருக்குப் பாடம் சொன்னவள் நான்! வாயில் வந்தது உண்மைதான். "அயர்லாந்து."

போனை அவர் சரியாகப் பொத்தவில்லை. "பாஸ்கரு, ஃபாரின் பார்ட்டிப்பா! இவங்கள மேல ஏசி ரூமுக்கு அழைச்சுக்கினு போ" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு நாற்காலிகள் நகர்கிற சத்தம், அம்மா "எதுக்குங்க மேல?" என்று மிரண்டு கேட்கிற சத்தம். கார்டு தீர்ந்துபோனது. வேறு கார்டு சுரண்டிக் கூப்பிட்டபோது ஜெபாவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் அதே. வார்டுக்குத் திரும்பி, ஒரு பாட்டிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கொடுத்தேனா என்று அவரிடமே கேட்டேன். "கொடுத்தாயே, கண்ணு. உனக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்றார். ஒன்றுமில்லை, என் வீட்டில் புடவை வாங்குகிறார்கள் என்றேன். அவர் வாழ்த்துச் சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஜெபாவிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. நீ கூப்பிடு என்று அர்த்தம். கூப்பிட்டேன்.

"போன அணைச்சது நான்தாங்கா. கோச்சுக்காத."

"ஏண்டி அப்படிப் பண்ண?"

"நீ பேசினதுக்கு அப்புறம் அவங்க காட்டினதெல்லாம் வேற வெலக்கா. அம்மா வேற, பெரியவளக் கேளு, பெரியவளக் கேளுன்னு கையப் பிசைஞ்சிக்கினு இருக்குது. மாமியாருக்கு மூஞ்சே சரியில்ல. எழுந்து வந்துட்டோம்."

"அப்புறம்?"

"நெசவாளர் சொசைட்டிக் கடைக்குப் போனோம். மாடியும் இல்ல, ஏசியும் இல்ல. வாசல்ல நல்ல வெயிலு. நானே இழைய உருவிக் கொளுத்தினேன். முடி கருகின நாத்தம்."

"சாம்பல்?"

"பொடியாப் போச்சு. ஜரிகைல உள்ள செகப்பு நூலு. பின்பக்கம் பார்த்தேன். டீ விட்ட பால் கலருதான். எல்லாம் நீ சொன்னதுதாங்கா. ஆனா நீ போன்ல இருந்திருந்தா எனக்குக் கையே ஓடியிருக்காது."

அவளே மேலே சொன்னாள்: "அம்மாவ நீ பார்த்திருக்கணும்கா. அதப் பிரிச்சு மடில போட்டுக்கினு எழுந்திருக்கவே மாட்டேங்குது. பில்லு போடணும், குடும்மான்னு அவங்க கேக்கறாங்க. இருங்கப்பா கொஞ்ச நேரம், எங்க ஓடிடப் போறேன்னு சொல்லுது. கடைல எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன். புடவையில் ஏமாந்து போகவில்லை என்ற நிம்மதி இருந்தது. அம்மாவின் மடியில் அது கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓர் இழைகூடக் கொளுத்தாமல், ஒரு வார்த்தையும் சொல்லாமல், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அன்று எனக்கு டியூட்டி. கொஞ்ச நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. கல்யாண சி.டி., நசுங்கிய கேக், அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ரவிக்கை. ஜெபா கல்யாணத்துக்கு லேஸ் வைத்த ரவிக்கை தைத்துக்கொண்டதால் புடவையோடு அதே ஜரிகைக் கரை போட்டு வந்த ரவிக்கைத் துண்டு வெட்டாமலே இருந்திருக்கிறது. பீரோவில் கிடந்த என் பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துத் தைத்து அனுப்பியிருக்கிறாள். போட்டுப் பார்த்தேன், கை பிடித்தது. இந்த ஊர் வெண்ணெயும் ரொட்டியும் என்னை அந்த அளவில் விட்டுவைக்கவில்லை. போன் செய்து சொன்னேன். "உள்ள ரெண்டு தையல் விடச் சொல்லியிருக்கேங்கா. ஒண்ணப் பிரிச்சு வுடு" என்றாள். பிரித்தேன். சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சாதாரணப் பருத்திப் புடவை ஒன்றுக்கு அந்த வெள்ளை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு. கல்கட்டடத்துக்குள் வெளியை விடக் குளிர், யாரும் கோட்டைக் கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை. திருப்புட்குழியில் ஜெபாவின் பீரோவில் அந்நேரம் மடித்து வைத்திருக்கும் புடவையின் ஜரிகைக் கரை, பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போதெல்லாம் என் தோளில் லேசாக உறுத்திக்கொண்டே இருந்தது.