அய்யாவு தரையில் வைக்காத கால்

அய்யாவு மாட்டிறைச்சி தொடாதவன் என்று சொன்னால், அதில் என்ன அதிசயம், நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே என்பீர்கள். அய்யாவு அந்த முக்கால்வாசியில் சேர்த்தியில்லை. கோழி தின்பான், ஆடு தின்பான், நண்டு என்றால் ஓட்டைக்கூட விடமாட்டான். ஆனால் தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையில் ரொட்டி வாங்கினால் குழம்பு ஊற்ற விடமாட்டான். கோழிக் குழம்புக்கும் மாட்டுக் குழம்புக்கும் ஒரே கரண்டியைப் போட்டிருந்தால்? சீனியைத் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்து வருவான்.

என் சின்னம்மா அமுதவள்ளியின் மூத்த மகன் அவன். அவனுக்குப் பின்னால் நாலு தங்கைகள், நாலு ஊரில். ஒருத்தி பூச்சோங், ஒருத்தி ஈப்போ, ஒருத்தி ஜொகூர், கடைசிக்காரி சிங்கப்பூர்க்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். கிள்ளானை விட்டு நகராதவன் இவன் ஒருவன்தான். காப்பார் சாலைப் பக்கம் செம்பனைக்காட்டு ஓரத்தில் கொட்டகை போட்டு ஏழு பசு வைத்திருக்கிறான். விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு மூன்று கோயிலுக்கும் முப்பது வீட்டுக்கும் ஊற்றுவான். கறவை நின்ற மாட்டை வாங்க வருகிற ஆளை வாசலுக்குள் விடமாட்டான். மாடு செத்தால் மண்வாரி இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக் குழி தோண்டி, மஞ்சள் துணி போர்த்திப் புதைப்பான். மாட்டின் மேல் தெரியாமல் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அறுபத்திரண்டு வயதில், இடுப்பு வலியோடு.

அப்படிப்பட்டவனைப் போன வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு லோரி இடித்துத் தள்ளியது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பின் தலை மட்டும் நொறுங்கிப் பள்ளம் விழுந்திருந்தது. நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவன் மனைவி புஷ்பவல்லி கையில் ஒரு சம்மதப் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள்.

மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், மலாயில் விளக்கினாள். பிளேட் வைத்து முடுக்கப் போகிறார்கள். அதோடு எலும்பில் விழுந்த பள்ளத்தையும் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்குத் தொழிற்சாலையில் செய்த பொருள் ஒன்று இருக்கிறது, பிராணியிலிருந்து எடுத்தது ஒன்று இருக்கிறது. பிராணியிலிருந்து வருவதற்கு ஹலால் சான்று உண்டு. எது வேண்டும்?

"என்னக்கா சொல்றது?" என்றாள் புஷ்பவல்லி.

"மத்ததுல பன்னி கின்னி கலந்திருக்கப் போவுது. ஹலால்னு சொல்லிரு லா. முத்திரை இருந்தா சுத்தமா இருக்கும்."

அப்படிச் சொன்னவள் நான்தான். பிஸ்கட்டிலிருந்து மசாலாத்தூள் வரைக்கும், சாம்பிராணி தவிர எல்லாவற்றையும் அந்த முத்திரையைப் பார்த்துத்தானே இந்த நாட்டில் வாங்குகிறோம்? அது பன்றியை உள்ளே விடாது, பசுவை விடும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் அந்த நேரத்தில் உதிக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் காலைத் தரையில் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போனபோது எலும்பு டாக்டர் ஜனகா நல்ல முகத்தோடுதான் வரவேற்றாள். யாழ்ப்பாண வழிப் பெண், பெட்டாலிங் ஜெயாவில் வீடு, சிரித்த பேச்சு.

"இன்னிலேர்ந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊனலாம் அங்கிள். குழியில வச்ச துணுக்கெல்லாம் நல்லா ஒட்டியிருக்கு."

"என்ன துணுக்கு டாக்டர்? பிளாஸ்டிக்கா?"

"இல்ல அங்கிள், மாட்டு எலும்பு. பயங்கர சூட்டுல போட்டு, சதை, கொழுப்பு எல்லாத்தையும் எரிச்சுட்டு, வெறும் சுண்ணாம்பு மாதிரி…"

அய்யாவு அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் முகம் வெளுத்துப் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். புஷ்பவல்லி எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள்.

"யாரு சொல்லி வச்சீங்க?" என்றான் கடைசியில்.

ஜனகா ஃபைலைத் திருப்பிக் காட்டினாள். புஷ்பவல்லியின் கையெழுத்து அதில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அன்றையிலிருந்து அவன் அந்தக் காலைத் தரையில் வைக்கவில்லை. வைத்தால் பசுவின் மேல் மிதிப்பதாகிவிடும் என்றான். அக்குள் கட்டையோடு நொண்டி வந்து கொட்டகைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவான்; காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொள்வான். மாட்டைத் தொடமாட்டான். புஷ்பவல்லி கறப்பாள், அவள் தம்பி சுகுமாறன் வேனில் கொண்டு போய் ஊற்றுவான். புஷ்பவல்லியோடு பேச்சு நின்றுபோனது. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பான்.

சுகுமாறனுக்கு எதிலும் விளையாட்டு. "மாமா, நீங்க இப்ப கால்வாசி மாடு லா. வால் முளைச்சா சொல்லுங்க, பொட்டு வச்சுக் கும்புடுறேன்."

அய்யாவு அக்குள் கட்டையை அவன் மேல் எறிந்தான். பிறகு அதை எடுத்துக் கொடுக்கவும் சுகுமாறனே வர வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு அவனாகவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். சரி, மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன்.

"எடுத்துருங்க டாக்டர்," என்றான் உட்கார்ந்ததும்.

"எதை அங்கிள்?"

"உள்ள வச்சதை. அந்த இடம் குழியாவே கிடக்கட்டும்."

ஜனகா புதிதாக எடுத்த எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டாள். "எடுக்கிற நிலைமையில அது இல்ல அங்கிள். அந்தத் துணுக்கு ஸ்பஞ்ச் மாதிரி துளைத் துளையா இருக்கும். நம்ம எலும்புல கட்டுற வேலைக்குன்னே ஒரு செல் இருக்கு. அது போய் அந்தத் துளைக்குள்ள ஒட்டிக்கிட்டு, சுவரெல்லாம் உங்க எலும்பைப் பூசிருச்சு. ரத்தக் குழாய்கூட உள்ள ஓடுது. எது மாட்டோடது எது உங்களோடதுன்னு பிரிக்கணும்னா உங்க எலும்பையும் சேத்துத் தோண்டணும். முட்டி நிக்காது."

அய்யாவு எழப் பார்த்து அக்குள் கட்டையை எடுத்தான்.

அந்தப் பெண் பாவம், ஆறுதல் சொல்லத்தான் நினைத்தாள். "கவலைப்படாதீங்க. அது அப்படியே இருக்கப் போறதும் இல்ல. எலும்பை அரிக்கிற செல் வேற இருக்கு. அது ரொம்ப மெதுவா, வருஷக்கணக்கா, அந்த மாட்டெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கிட்டே வரும். தின்ன எடத்துல கட்டுற செல் வந்து உங்க எலும்பை வைக்கும்."

"தின்னுதா?"

"ஆமா."

"எது தின்னுது? என் ஒடம்புல உள்ளதா?"

"உங்க செல்தான் அங்கிள்."

"இப்பவுமா? இங்க உக்காந்திருக்கேனே, இப்பவுமா?"

ஜனகா தயங்கித் தலையாட்டினாள். அய்யாவு இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்திக்கொண்டான், யாரோ உள்ளே சாப்பிட உட்கார்ந்திருப்பதைப் போல. "அறுபத்திரண்டு வருஷம்…" என்றான். குழம்புக் கரண்டிக்குப் பயந்தவன் இனிச் சாகிற வரைக்கும் ராப்பகலாக மாடு தின்கிறவனாகிவிட்டான். எனக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஆனா இதைப் பாருங்க." ஜனகாவின் குரல் மாறியிருந்தது. "கட்டுற செல்லு மேல ஒடம்போட பாரம் விழணும். அப்பத்தான் வேலை செய்யும். நீங்க ஊனவே இல்ல. சுத்தி இருக்கிற எலும்பு மெலிஞ்சிருச்சு. பிளேட்டுல ஒரு ஆணி அசையுது. இன்னும் ஆறு வாரம் தரேன் அங்கிள். அதுக்குள்ள ஊனாட்டி எல்லா ஆணியும் விட்டுரும். மறுபடி திறக்கணும். அப்புறம் இந்தக் காலால நீங்க நடப்பீங்கன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். "அன்னிக்கு ஹலால்னு சொல்லச் சொன்னது நான்தான்டா. அவ என் பேச்சைக் கேட்டுத்தான் கையெழுத்து வச்சா."

அவன் அடி வாங்கியவன் மாதிரி என்னைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்து, "அவ சொல்லவே இல்லையே," என்றான்.

புஷ்பவல்லி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "சொன்னா? அக்காவோடயும் பேச்ச நிறுத்துவீங்க. அப்புறம் இந்த வீட்டுக்கு யாரு வருவா, மாட்டு வியாபாரியா?"

அதற்குப் பிறகும் அவன் அவளோடு பேசவில்லை. இப்போது அது கோபமில்லை, வெட்கம். காலையும் ஊன்றவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் நான் அங்கே போயிருந்தேன். சிவகாமி என்ற சிவப்புப் பசு முந்தின நாள்தான் மூன்றாவது கன்று போட்டிருந்தது. புஷ்பவல்லி கொட்டகைக்குள்ளிருந்து கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் பசு பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. கழுத்து விலாப்பக்கம் மடங்கியிருக்கிறது, காதைத் தொட்டால் ஐஸ். மாட்டு டாக்டர் கிஷனுக்குப் போன் போட்டோம். ஃபெடரல் ஹைவேயில் ஜாமில் நிற்கிறேன், முக்கால் மணி ஆகும், அதுவரை மாட்டைப் பக்கவாட்டில் கிடக்க விடாதீர்கள், வயிறு ஊதிச் செத்துவிடும் என்றார்.

அய்யாவு வெளியே நாற்காலியிலிருந்து சத்தம் போட்டான். "அக்கா, நெஞ்சுக்கு அடியில கைய குடு! சாக்க முட்டுக் குடு! அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!"

நானும் புஷ்பவல்லியும் தள்ளுகிறோம். நானூறு கிலோ மாடு. ஒரு விரல்கூட நகரவில்லை.

"வாயால தூக்கினா மாடு எந்திரிக்காது!" என்று கத்தினாள் புஷ்பவல்லி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

என் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு தோள் வந்து மோதியது. அக்குள் கட்டை இல்லை. அவன் மாட்டின் முதுகுக்குப் பின்னால் இரண்டு காலையும் சாணியில் அழுத்தி ஊன்றி, தோளைக் கொடுத்து ஒரே முட்டு முட்டினான். பசு புரண்டு நெஞ்சை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் சாக்கைச் செருகினேன். நாங்கள் இரண்டு பேரும் அவன் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் மாட்டின் தலையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

கிஷன் வந்து கழுத்து நரம்பில் ஊசி குத்தி, கால்சியம் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினார். "பால் சுரக்க ஆரம்பிச்சதும் ரத்தத்துல இருந்த சுண்ணாம்பெல்லாம் மடிக்குப் போயிருச்சு. எலும்புலேர்ந்து எடுத்து எடுத்துத்தான் இதுங்க பாலு குடுக்கும். இவளுக்கு எடுக்க நேரம் பத்தல. உங்களுக்குத் தெரியாததா அங்கிள்?"

"எலும்புலேர்ந்தா?" என்றான் அய்யாவு. இந்த வியாதியை அவன் வாழ்நாளில் இருபது தரம் பார்த்திருப்பான்.

"கேட்டுக்கிட்டீங்களா?" புஷ்பவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பொறந்ததுலேர்ந்து நீங்க குடிச்சது அதுங்களோட எலும்புதான். ஊருக்கே அதைத்தான் ஊத்துனீங்க. இப்பத்தான் புதுசா திங்கிறாராம்!"

அவன் முகம் அன்று ஜனகாவின் அறையில் வெளுத்த மாதிரியே வெளுத்துப் போயிற்று. ஒரு மணி நேரத்தில் பசு முன்காலை மடக்கி, பின்காலை உந்தி எழுந்து நின்றது. முழுசாகக் கறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிஷன் கிளம்பினார். புஷ்பவல்லி வாளியை எடுத்தாள்.

"வேணாம் புஷ்பா," என்றான் அய்யாவு. சுவரைப் பார்த்து அல்ல. "கன்னு குடிக்கிறது போதும். மத்தது அவ ஒடம்புலயே கிடக்கட்டும்."

அடுத்த வாரம் படத்தைப் பார்த்த ஜனகா, ஆணி அதற்கு மேல் அசையவில்லை, ஓரத்தில் எலும்பு கெட்டிப்பட்டுப் படத்தில் லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது என்றாள். "ஊன ஆரம்பிச்சிட்டீங்க போல. எப்படி அங்கிள்? எடை மெஷின் மேல கால வச்சு, அஞ்சு கிலோ பத்து கிலோன்னு ஏத்தினீங்களா?"

"மாட்டைத் தூக்கினேன் டாக்டர்."

"என்னது?"

"நானூறு கிலோ இருக்கும்."

ஜனகா கையிலிருந்த பேனாவை மேசைமேல் போட்டுவிட்டு, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அய்யாவு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, இரண்டு காலையும் வைத்து, வெளியே நடந்தான்.