செல்வி கேட்ட நடைவழி

தொண்ணூறுகளில் வவுனியாவில் எங்கள் சங்கம் நடத்திய களியாட்ட விழாவில் வாசல் சோதனை என் பொறுப்பு. முதல்நாள் சைக்கிள்களும் ஆட்களும் ஒரே வாசலில் நெருக்கியடித்தன. பெண்களைச் சோதித்த செல்வி, மலையகத்திலிருந்து வந்து குடியேறியவள், "நடந்து வர்றவங்களுக்குப் பக்கத்துல தனி வழி விடுவோமே" என்றாள். எல்லோரும் அவளைப் பாராட்டி, அப்படியே ஒரு வழியும் ஒதுக்கினார்கள். எனக்கு வயிறெரிந்தது. மறுநாள் அந்த வழிக்குக் குறுக்கே வேண்டுமென்றே என் சைக்கிளை நிறுத்தினேன்.

ஊன்றுகோலோடு வந்த ஒரு அம்மா சைக்கிளைக் கண்டு தயங்கி நின்றார். வெட்கத்தோடு அதை இழுத்து விலக்கினேன்.

"நடக்க ஏலாத ஆக்களையும் நினைச்சு வழி விட்டிருக்கிறீங்கள். நல்லா இருப்பீங்கள் தம்பி" என்றார்.

செல்வி பக்கத்தில்தான் நின்றாள். அவள் யோசனை என்று நான் சொல்லியிருக்கலாம்.

"ஓம் அம்மா, கவனமாப் போங்கோ" என்றேன்.

இத்தனை வருடமாகியும் அவளுக்குரிய அந்த வாழ்த்து என்னிடமே இருக்கிறது.