கட்டுக்கம்பி என்று எழுதிவைத்தேன்

ருவைஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப் வேலியிலிருந்து வளைகுடாக் கடல்வரைக்கும் வெறும் மணல்தான். வெள்ளிக்கிழமை காலையில் அறையே போர்த்திக்கொண்டு தூங்கும்போது நான் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். தேரா கடைத்தெருவில் ஒரு பழைய சாமான் கடைக்கு மூன்று முறை பஸ் ஏறிப் போய்ப் பேரம் பேசி வாங்கியது. சர்வே டிப்ளமா படித்தவன் நான். ஆறு நாளும் மண்ணுக்கு மேலே அளந்துகொண்டிருந்தவனுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அரிப்பு.

ஆசை ஒன்றுதான். இந்தக் கரையில் முத்துக் குளித்தவர்களும் படகோட்டிகளும் புழங்கிய பழைய காசு ஒன்று கிடைக்க வேண்டும். அது இன்ன காசு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் மியூசியத்தில் கொடுத்துவிடலாம்.

கிடைத்தது என்னவோ நயா பைசா. அடுத்த வாரம் காலணா. அதற்கடுத்த வாரம் மறுபடி நயா பைசா. அந்தக் காலத்தில் இங்கேயும் நம் பணம்தான் செல்லுபடியானதாம். படித்துத் தெரிந்துகொண்டபோது எரிச்சல்தான் கூடியது. என் அறையில் இருந்த கம்பி கட்டும் அண்ணன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், விழுந்து விழுந்து சிரித்தார்.

“நம்மூரு காசப் பொறுக்கவா தம்பி பிளேன் ஏறி வந்த?”

காசாவது பரவாயில்லை. பத்து தடவை தோண்டினால் எட்டு தடவை கட்டுக்கம்பி. கட்டடக் கம்பிகளைச் சேர்த்து முறுக்க, விரல் நீளத்துக்கு இரண்டாக மடித்து வைப்பார்களே, அது. கேம்ப் கட்டியபோது சிந்திய மிச்சமெல்லாம் அந்த மணலில்தான் கிடந்தது. காலில் குத்துமே என்று பெயின்ட் டின் ஒன்றில் பொறுக்கிப்போட்டு, கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

“வாரம் பூரா கட்டுறது நானு, வெள்ளிக்கிழமை பொறுக்குறது நீயா? நல்ல டூட்டிய்யா!”

ஆனால் நான் ஒழுங்கானவன். கிடைத்த ஒவ்வொன்றையும், குப்பையானாலும், நோட்டில் படம் வரைந்து, ஆழமும் நீளமும் குறித்து, கடைசிக் கட்டத்தில் என்னவென்று எழுதிவிடுவேன்.

அந்த நோட்டை ஒருநாள் சைட் ஆபீஸில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பன் புரட்டிக்கொண்டிருந்தான். என் வயதுதான். டூட்டி முடிந்தபின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எனக்காகக் காசுப் படங்கள் தேடிக்கொடுப்பவன். நாற்பத்தொன்றாம் எண்ணில் அவன் விரல் நின்றது.

“என்ன ஐசே இது?”

“கட்டுக்கம்பி. எழுதியிருக்கேனே.”

அவன் உரக்கப் படித்தான். “இரண்டாக மடித்தது. கறுப்பு. துரு இல்லை. தட்டையான இடத்தில் கீறல்கள். சத்தம் மெல்லியது, உயர்ந்தது.” நிமிர்ந்தான். “இரும்புக்கு உம்மட மிஷின் உறுமும் எண்டுதானே சொன்னனீர்?”

வெள்ளிக்கும் செம்புக்கும்தான் அது கீச்சென்று கத்தும்.

“லாரின் எண்டு ஒரு காசு இருக்கு. வெள்ளிக் கம்பியை மடிச்சு அச்சுக் குத்தினது. இந்தக் கடல் முழுக்க ஓடினது, எங்கட பக்கமும் வந்தது. மியூசியத்தில பாத்தனான்.”

“காசு எப்படி...”

“காசெண்டால் வட்டமா இருக்கவேணுமெண்டு ஆர் சொன்னது?”

கம்ப்யூட்டரில் படம் மெல்ல மெல்ல, மேலிருந்து கீழே, திறந்தது. பாதி வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. என் நோட்டில் இருந்த அதே படம்.

அறைக்கு ஓடினேன். டின்னைத் தரையில் கவிழ்த்து, வெல்டரிடம் கடன் வாங்கிய காந்தத்தை வைத்து ஒவ்வொன்றாக இழுத்தேன். வெள்ளி ஒட்டாது. ஆனால் கடைசிக் கம்பிவரை எல்லாம் ஒட்டியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்து நாள் முன்னால் அண்ணன் லீவில் ஊருக்குக் கிளம்பினார். பெட்டியின் கைப்பிடி பிய்ந்துபோய், என் டின்னைத் துழாவி ஒரு கம்பி எடுத்துக் கட்டினார். ‘பேஷ், துருவே இல்லாத கம்பி தம்பி’ என்று எனக்குக் காட்டவும் செய்தார். நானும் தலையாட்டினேன்.

போன் கார்டைச் சுரண்டி அவர் ஊருக்குப் போட்டேன்.

“அண்ணே, பெட்டியில கட்டின கம்பி எங்கே?”

“எந்தக் கம்பி? ஓ, அதுவா. இளசா வளைஞ்சுச்சு. ஏன், வேலையில கம்பி தீந்துபோச்சா?”

“அது கம்பி இல்லண்ணே. காசு. பழைய வெள்ளிக் காசு.”

“போடா. நான் கட்டாத கம்பியா? கம்பிக்கும் காசுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?”

“சரி, எங்கே அது?”

“பெட்டியப் பிரிக்கையில வெட்டிப் போட்டேன். நேத்து பழைய இரும்புக்காரன் வந்தான். ஓட்டை வாளியோட அதையும் சேத்துப் போட்டா உங்க அண்ணி. பேரீச்சம்பழம் குடுத்துட்டுப் போனான். அங்கேருந்து நான் ரெண்டு கிலோ சொமந்துட்டு வந்திருக்கேன், இவ அந்தப் பழத்துக்கு ஆசைப்பட்டு...”

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

நோட்டில் ‘கட்டுக்கம்பி’யை அடித்துவிட்டு ‘லாரின்’ என்று எழுதினேன். என்ன எழுத்து, எந்த ஊர் அச்சு, எதுவும் தெரியாது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டியதாயிற்று. பேனா தாளைக் கிழித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காந்தத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். வெயில் ஏறும்வரை தோண்டியதில் முப்பது கம்பி கிடைத்தன. முப்பதும் ஒட்டின.